வந்து செல்லும் அறிவும் வதியும் துயரும்

துயரம் ஓரிடத்தில் வதிகின்றது. அத்துயரைப் பற்றிய அறிவோ வந்து வந்து செல்கின்றது. ஈழத்துத் தமிழ் மக்களின் அண்மைக்கால வரலாற்றை நிதானமாக நோக்குவோர்க்கு இம்முரண்பாடு புலப்படாமற் போகாது. 2015ஆம் ஆண்டின் பின் கொழும்பு நகரத்து நட்சத்திர விடுதிகளின் மண்டபங்களிலே ‘நிலைமாறுகால நீதி’ என்னும் பொருள் பற்றிப் பயிற்சிப் பட்டறைகள் பல நடைபெற்றன. கடல் கடந்து வந்த அறிஞர் ஆங்கிலத்தில் உரையாற்றினர், மொழிபெயர்ப்பாளர் அவ்வுரையைத் தமிழிலும் சிங்களத்திலும் எடுத்துரைத்தனர், சான்றிதழ்கள் வழங்கப்பட்டன, அறிஞர் விமானமேறினர். அம்மண்டபங்களிலிருந்து சில கல் தொலைவிலுள்ள கொட்டாஞ்சேனையில், 2008ஆம் ஆண்டிற் கடத்தப்பட்ட மகனின் நிழற்படத்தைச் சுவரில் மாட்டிவைத்திருக்கும் தாய்க்கு அப்பட்டறைகள் எதனையும் கற்பிக்கவில்லை. அவளிடமிருந்து எதனையும் கற்றுக்கொள்ளவுமில்லை.

இந்நிலைக்கு வந்து சென்ற அறிஞரைக் குறைகூறுதல் எளிது. ஆயின் குறை அவர்களிடத்து மட்டும் உள்ளதன்று. ஒரு சமூகம் தன் சொந்தத் துயரைக் கற்கும் கல்வியை விருந்தினரிடம் ஒப்படைத்துவிட்டுத் தான் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்குமாயின், அதற்கு அச்சமூகத்தின் பல்கலைக்கழகங்களும், அவற்றின் விரிவுரையாளரும், மாணவரும், அவர்தம் தமிழ்ச் சங்கங்களுமே முதற் பொறுப்பாளர் ஆவர். நிலைமாறுகால நீதி இலங்கைப் பல்கலைக்கழகங்களிலே தமிழிற் கற்பிக்கப்படும் நிலையானதொரு கல்வித்துறையாதல் வேண்டும். வருகைதரு பேராசிரியர் அதற்குத் துணையாக அமையலாமேயன்றி, அதற்கு ஈடாக அமைதல் ஒல்லாது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலைமாறுகால நீதி என்பது யாது? பெருங்கொடுமைகள் நிகழ்ந்த ஒரு காலத்திலிருந்து வேறொரு காலத்துக்குக் கடந்து செல்ல முயலும் சமூகம், நிகழ்ந்தவற்றுக்கு முகங்கொடுக்கும் முறைமைகளின் தொகுதியே அது. உண்மையை அறிதல், குற்றமிழைத்தோரை நீதியின் முன் நிறுத்துதல், பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்குதல், மீள நிகழாமையை உறுதிசெய்தல் என நான்கு கூறுகளாக அதனை வகுத்துரைப்பர். கொழும்பு எரிந்த அதே 1983ஆம் ஆண்டின் இறுதியில், இராணுவ ஆட்சியிலிருந்து மீண்ட ஆர்ஜென்ரீனா காணாமலாக்கப்பட்டோர் பற்றி ஆராய ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. 1984இல் அதன் அறிக்கை வெளிவந்தது. 1985இல் முன்னைய இராணுவத் தலைவர்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். 1995இல் தென்னாபிரிக்கா உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவைச் சட்டத்தால் நிறுவியது. இத்தகைய அனுபவங்களிலிருந்தே இக்கல்வித்துறை உருவாகியது. பாதிக்கப்பட்டோரின் கதறலிலிருந்து பிறந்த துறை இது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இலங்கைக்கு இச்சொற்றொடர் பரவலாக வந்து சேர்ந்தது 2015 ஒக்ரோபரில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 30/1ஆம் இலக்கத் தீர்மானத்தோடாகும். அரசு அத்தீர்மானத்துக்கு இணை அனுசரணை வழங்கியது. 2016இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும், 2018இல் இழப்பீடுகளுக்கான அலுவலகச் சட்டமும் நிறைவேறின. 2016இல் நியமனம்பெற்ற ஆலோசனைச் செயலணி நாடெங்கும் சென்று மக்களின் கருத்தைக் கேட்டது. 7,300க்கும் மேற்பட்ட முறையீடுகள் அதற்குக் கிடைத்தன. 2017 ஜனவரி 3ஆந் திகதி அதன் அறிக்கை கையளிக்கப்பட்ட வேளையில் அதனைப் பெற்றுக்கொள்ள அன்றைய சனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை. முன்னாள் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவே அதனைக் கையேற்றார். 2020 பெப்ரவரியில் அடுத்து வந்த அரசு தீர்மானத்துக்கான அனுசரணையிலிருந்து விலகியது. அரசு மாறியது, நீதி மாத்திரம் நிலைமாறாது நின்றது.

இக்காலப்பகுதியிலே பெருகிய பட்டறைகளின் ஆயுள், அவற்றுக்கு வந்த வெளிநாட்டு நிதியின் ஆயுளாகவே இருந்தது. திட்டம் முடிந்ததும் கையேடுகள் அலுமாரிக்குட் சென்றன. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகளைப் பாடநூலாக்கிக் கற்பிக்கும் பணியைப் பல்கலைக்கழகங்கள் ஒருங்கே மேற்கொண்டிருப்பின், அரசின் மனமாற்றம் அக்கல்வியைத் தீண்டியிராது. திட்டத்துக்கும் துறைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. திட்டம் நிதியளிப்போரின் விருப்பத்தால் வாழ்வது. துறை மாணவரின் தேவையால் வாழ்வது.

கொழும்பிலே இத்துறைக்கான பாடத்தைத் தேடி எவரும் அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. கொட்டாஞ்சேனையை மாத்திரம் எடுத்து நோக்குவோம். 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று பௌத்த ஊர்வலமொன்றுக்கும் கத்தோலிக்கருக்குமிடையே அங்கு கலகம் மூண்டது. ஆள்பதியின் அரசு விசாரணைக்குழு அமைத்தது. குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை என்ற மனக்குறை பௌத்தரிடையே வேரூன்றியது. 1884இல் அவர்கள் சார்பில் கேணல் ஒல்கொட் இலண்டன் சென்று முறையிட்டார்; 1885இல் வெசாக் தினம் பொது விடுமுறையாக்கப்பட்டது. விசாரணைக்குழு, தண்டனையின்மை, கடல் கடந்து முறையிடல், நீதிக்குப் பதிலாக ஒரு சலுகை என்னும் வரிசை இன்று ஜெனீவாவிற் புதிதாகத் தோன்றியதன்று. அது நூற்று நாற்பது ஆண்டுப் பழமையுடையது. கொட்டாஞ்சேனைத் தெருவிலேயே அதன் முதற் பாடம் எழுதப்பட்டுள்ளது. அதே உயிர்த்த ஞாயிறன்று, 2019ஆம் ஆண்டில், அயலிலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. அன்று உறவினரை இழந்த கத்தோலிக்கரும் இன்று உண்மையைக் கோரி நிற்கின்றனர்.

வெள்ளவத்தையின் பாடம் வேறொன்று. 1983 ஜூலை 25ஆந் திகதி காலி வீதியிலிருந்த தமிழர் கடைகளும் ஒழுங்கைகளிலிருந்த வீடுகளும் தீக்கிரையாயின. வாக்காளர் இடாப்பைக் கையிலேந்தி வந்தோர் வீடுகளை இனங்கண்டனர் என்பது பலரும் பதிந்துள்ள செய்தி. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2001இல், 1981 முதல் 1984 வரையான இன வன்செயல்கள் பற்றி ஆராய முன்னாள் பிரதம நீதியரசர் சர்வானந்தா தலைமையில் உண்மை ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பட்டது. 2002இல் அதன் அறிக்கை முடிவுற்றது. 2004இல் அன்றைய சனாதிபதி பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். நிலைமாறுகால நீதி என்னும் சொல் தமிழிற் பரவுமுன்னரே இலங்கையில் உண்மை ஆணைக்குழுவும் இருந்தது, அரச மன்னிப்பும் இருந்தது. வெள்ளவத்தையில் இன்று வாழும் பல்கலைக்கழக மாணவருள் எத்துணைப் பேர் அவ்வாணைக்குழுவின் பெயரையேனும் அறிவர்? தென்னாபிரிக்க ஆணைக்குழுவை அறிந்த அளவுக்கேனும் அதனை அவர்கள் அறியாதிருப்பின், குற்றம் மாணவருடையதன்று, பாடத்திட்டத்தினுடையது.

2006 டிசெம்பர் 15ஆந் திகதி கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் எஸ். இரவீந்திரநாத், கொழும்பில் அறிவியல் மாநாடொன்றிற் கலந்துகொண்ட பின் காணாமற் போனார். ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவரே தலைநகரின் நடுவிற் பகற்பொழுதில் மறைந்துபோகக்கூடிய நாட்டில், காணாமலாக்கப்படுதல் பற்றிய கல்வி பல்கலைக்கழகத்துக்குப் புறம்பானதென வாதிடுவோர் தம் சொந்த நிறுவனத்தின் வரலாற்றையே அறியாதவராவர்.

2007 ஜூன் 7ஆந் திகதி விடியுமுன் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய பகுதிகளின் லொட்ஜுகளிற் பொலிஸார் புகுந்தனர். மருத்துவத்துக்கும், கடவுச்சீட்டுக்கும், வேலைக்கும், வெளிநாட்டுப் பயணத்துக்குமாக அங்குத் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் பிற ஊர்களுக்கும் அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாடியது; மறுநாளே வெளியேற்றத்தைத் தடுக்கும் இடைக்கால உத்தரவு பிறந்தது; அன்றைய பிரதமர் வருத்தந் தெரிவித்தார். 2008, 2009ஆம் ஆண்டுகளிற் கொட்டாஞ்சேனை, தெகிவளை முதலிய இடங்களிலிருந்து இளைஞர் பதினொருவர் கடத்தப்பட்டனர். 2019இல் முன்னாள் கடற்படைத் தளபதி உட்பட்டோர் மீது குற்றப்பத்திரம் தாக்கலாயிற்று. 2021இல் அத்தளபதிக்கு எதிரான வழக்கைத் தொடரப்போவதில்லையெனச் சட்டமா அதிபர் அறிவித்தார். சட்ட மாணவர் ஒருவருக்கு இதனினும் மேலான பாடம் எந்நாட்டில் உண்டு?

லொட்ஜுகளின் செய்தியை ஈண்டு எடுத்துரைத்தமைக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. லொட்ஜில் தங்குவோன் நகரத்தின் குடியாளன் அல்லன். வாடகை கொடுப்பினும் அவனுக்கு அங்கு வேரில்லை. ஓரிரவிற் கதவு தட்டப்பட்டால் அவன் வெளியேற வேண்டியவனே. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் நிலைமாறுகால நீதி இத்தகைய லொட்ஜ்வாசியாகவே உள்ளது. கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடத்தோடு இணைந்த மனித உரிமைகள் கற்கை நிலையம் 1991 முதல் ஆற்றிவரும் பணி போற்றற்குரியது. ஆயினும் பொதுவாக நோக்குமிடத்து இப்பொருள் ஒரு கருத்தரங்காகவும், ஒரு விருப்புப் பாடத்தின் சில விரிவுரைகளாகவும், மணித்தியாலக் கொடுப்பனவு பெறும் வருகைதரு விரிவுரையாளரின் பொறுப்பாகவுமே பெரிதும் நின்றுவிடுகின்றது. ‘வருகைதரு’ என்னும் அடை, அயல்நாட்டிலிருந்து வரும் பேராசிரியருக்கு மதிப்பைத் தருகின்றது. உள்நாட்டு இளம் விரிவுரையாளருக்கோ நிலையின்மையைத் தருகின்றது. நிலையற்ற பதவியிலிருப்போர் ஆபத்தான உண்மைகளைக் கற்பிக்கத் தயங்குவர். தயக்கத்திலிருந்து துறை பிறவாது.

இவ்விடத்து உக்ரேனியரின் வரலாறு கருத்தூன்றிக் கற்றற்குரியது. 1932, 1933ஆம் ஆண்டுகளிலே ஸ்ராலினின் ஆட்சி உருவாக்கிய பஞ்சத்தால் உக்ரேனில் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சோவியத் பல்கலைக்கழகங்களில் அதனைப் பேசுதல் தடுக்கப்பட்டிருந்தது. 1957இல் அமெரிக்காவில் வாழ்ந்த உக்ரேனிய மாணவர் சங்கத்தினர், அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் தம் கல்விக்கென ஓர் இருக்கையை நிறுவ நிதி திரட்டுவதெனத் தீர்மானித்தனர். செல்வந்தர் சிலரின் கொடையை மட்டும் அவர்கள் நம்பவில்லை. தொழிலாளரும் சிறுவருவாயினரும் சிறுகச் சிறுகக் கொடுத்தனர். 1968இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் உக்ரேனிய வரலாற்றுக்கான இருக்கை நிறுவப்பட்டது. அவர்கள் அதனோடு அமையவில்லை. இலக்கியத்துக்கு ஒன்று, மொழியியலுக்கு ஒன்று என மேலும் இரு இருக்கைகளை ஏற்படுத்தி, 1973இல் ஓர் ஆய்வு நிறுவனத்தையும் தோற்றுவித்தனர். 1976இல் கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்திலும் உக்ரேனியக் கற்கை நிறுவனம் எழுந்தது.

அவ்விருக்கைகளின் பயன் யாது? ஹார்வார்ட் நிறுவனத்தின் பங்களிப்போடு வரலாற்றாசிரியர் றொபேட் கொன்குவெஸ்ட் அப்பஞ்சம் பற்றி எழுதிய பெருநூல் 1986இல் வெளிவந்தது. அந்நிறுவனத்தில் ஆய்வாளராயிருந்த ஜேம்ஸ் மேஸ், அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த உக்ரேனியப் பஞ்சம் பற்றிய ஆணைக்குழுவின் பணிப்பாளரானார். உயிர்தப்பியோரின் வாய்மொழிச் சான்றுகளை அவ்வாணைக்குழு பதிவுசெய்து 1988இல் அறிக்கை வெளியிட்டது. மாணவர் தீர்மானத்துக்கும் அவ்வறிக்கைக்குமிடையே முப்பத்தோராண்டு கழிந்திருந்தது. எல்லாவற்றிலும் மேலானது ஒன்றுண்டு. மேஸ் உக்ரேனியர் அல்லர், அமெரிக்கர். உக்ரேன் 1991இல் விடுதலை பெற்ற பின் அவர் கீவ் நகருக்குக் குடிபெயர்ந்து, கீவ்-மொஹிலா கல்விக்கழகத்திற் கற்பித்து, 2004இல் அந்நகரிலேயே இறந்தார். வருகை தந்தவர் வதிபவரானார். கொழும்புக்கு வந்த நிபுணரோடு அவரை ஒப்புநோக்கின், அறிவை எடுத்துவருவோர்க்கும் அறிவோடு வாழ்வோர்க்கும் உள்ள வேற்றுமை விளங்கும்.

மற்றொரு செய்தியும் உண்டு. ‘இனப்படுகொலை’ என்பதற்கான பன்னாட்டுச் சொல்லை 1944இல் ஆக்கியளித்த றஃபேல் லெம்கின், மானிடத்துக்கு எதிரான குற்றம் என்னும் கருத்தைச் சட்டநெறியில் வலியுறுத்திய ஹேர்ஷ் லௌற்றர்பாக்ற் ஆகிய இருவரும் இன்று உக்ரேனிலுள்ள லிவிவ் நகரப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்றவர்கள். அந்நகரின் யூதர் அழிக்கப்பட்டமையும், லௌற்றர்பாக்ற்றின் குடும்பத்தினர் கொல்லப்பட்டமையும் அவர்தம் சட்டச் சிந்தனைக்குப் பின்புலமாயின. 1953இல் லெம்கின் நியூ யோர்க்கில் உக்ரேனியப் பஞ்சத்தையும் இனப்படுகொலையென எடுத்துரைத்தார். பெருங்கொள்கைகள் பெருநகரங்களின் அமைதியான நூலகங்களிற் பிறப்பன என்னும் எண்ணத்தை இச்செய்தி தகர்க்கின்றது. காயமுற்ற ஊரில் வாழ்ந்தோரே அக்காயத்துக்குப் பெயரிட்டனர். 2022இல் உருசியாவின் முழுப்படையெடுப்புத் தொடங்கிய பின் மேற்குலகப் பல்கலைக்கழகங்கள் பல உக்ரேனிய அறிஞருக்கு வருகைதரு பதவிகளை வழங்கி, போர் முடியுமுன்னரே நீதியைப் பற்றிக் கற்பிக்க முற்பட்டமைக்கு ஐம்பதாண்டுக்கு முன் இடப்பட்ட இவ்வடித்தளமும் துணையாயிற்று.

தமிழரும் இருக்கைகளை நிறுவாமலில்லை. 2018இல் ஹார்வார்ட் தமிழ் இருக்கைக்கென 60 இலட்சம் அமெரிக்க டொலர் திரட்டி முடிக்கப்பட்டது. தமிழக அரசு அதற்கு 10 கோடி ரூபா வழங்கியது. ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் 30 இலட்சம் கனேடிய டொலர் திரட்டப்பட்டு 2021இல் தமிழ் இருக்கைக்கான இலக்கு எட்டப்பட்டது. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் தம் உழைப்பில் ஒரு பகுதியை அதற்களித்தனர். இம்முயற்சிகளைச் சிறுமைப்படுத்துதல் நன்றி கொல்லுதலாகும். ஆயின் இருக்கை நிறுவப்பட்டதோடு கடமை முடிந்ததெனக் கொண்டாடும் மனப்பாங்கு கண்டிக்கத்தக்கது. உக்ரேனியர் தம் இருக்கையைப் பெருமைச் சின்னமாக வைத்திருக்கவில்லை. தம் மக்களின் அழிவை ஆராயும் கருவியாகப் பயன்படுத்தினர். தமிழரோ சங்க இலக்கியத்தின் தொன்மையை உலகுக்கு உணர்த்துதலே தமிழ் இருக்கையின் முழுப்பயன் எனப் பெரிதும் பேசிவருகின்றனர். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய புண்ணைப் பாடிய புலவரைக் கற்கும் சமூகம், தன் தெருவில் இன்றும் ஆறாதிருக்கும் புண்ணைக் கற்கக் கூசுதல் முறையாகுமோ?

வெளிநாட்டு இருக்கை எதுவும் உள்நாட்டுத் துறைக்கு ஈடாகாது என்பதும் கருதத்தக்கது. யாழ்ப்பாணத்திற் பிறந்து ஹார்வார்டிற் பேராசிரியராயிருந்த எஸ். ஜே. தம்பையா, 1983 வன்செயலின் பின்னணியை ஆராய்ந்து 1986இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். உலக அறிஞர் அதனைக் கற்றனர். ஆயின் வெள்ளவத்தையில் வீடிழந்தவரின் பேரப்பிள்ளை அந்நூலைத் தன் தாய்மொழி வகுப்பிற் கற்கும் வாய்ப்பை எந்த வெளிநாட்டு இருக்கையும் தரவியலாது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தோன்றியபின், 1943இல் விபுலாநந்த அடிகள் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அதற்குமுன் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்தவர். தனிநாயகம் அடிகள் பேராதனையிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகம் சென்று, 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத்தமிழ் மாநாட்டை நடத்தினார். அன்றைய அறிஞரின் போக்குவரவு சென்ற இடத்தில் நிறுவனங்களை விட்டுச்சென்றது. இன்றைய போக்குவரவு பெரும்பாலும் நிழற்படங்களையே விட்டுச்செல்கின்றது.

இக்கருத்துக்கு எதிராக எழுப்பப்படும் தடைகள் சிலவற்றை ஆராய்தல் வேண்டும். இது அரசியல், கல்வியன்று என்பர் சிலர். 2021 ஜனவரி 8ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவரின் உண்ணாநோன்பின் பின் அது மீளக் கட்டப்பட்டது. இடித்தவர்க்கு அரசியல் இருந்தது. அதனைப் பற்றிக் கற்போர்க்கு மாத்திரம் அரசியல் ஆகாதெனல் எவ்வகை நீதி? உண்மையிற் கல்வித்துறையாவதே இப்பொருளை மேடைப் பேச்சிலிருந்து மீட்கும் வழி. மேடையிற் சான்று தேவையில்லை. வகுப்பறையிற் சான்றின்றி ஒரு வாக்கியமும் நிலைக்காது.

பழைய புண்ணைக் கிளறுதல் நல்லிணக்கத்துக்கு ஊறு என்பர் வேறு சிலர். ஆறிய புண்ணையே கிளறல் என்பர். காணாமற் போனவர் இருக்கின்றாரா இறந்தாரா என்பதையே அறியாதவரின் புண் எப்பொழுது ஆறியது? 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மார் பலர் விடை அறியாமலே இறந்துவிட்டனர். ஒவ்வொரு தாயின் இறப்போடும் ஒரு சான்று புதைகின்றது. இத்துறை தொடங்குதற்கு உகந்த காலத்தைக் காத்திருப்போர், சான்றுகள் யாவும் மறையுங் காலத்தையே காத்திருப்போராவர்.

தமிழிற் கலைச்சொற்கள் இல்லை என்பது மூன்றாவது தடை. இலங்கையில் 1950களிலிருந்து அரசகருமமொழித் திணைக்களத்தினர் பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் கலைச்சொற் றொகுதிகள் ஆக்கினர். அவற்றைக் கொண்டு ஒரு தலைமுறையே விஞ்ஞானங் கற்றது. நீதிக்கு மட்டும் தமிழ் இடங்கொடாதோ? ‘காணாமற்போனோர்’ என்னும் சொல்லை மறுத்துக் ‘காணாமலாக்கப்பட்டோர்’ என்னும் சொல்லை வலியுறுத்தியவர்கள் பல்கலைக்கழகத்தார் அல்லர். தெருவில் நின்ற தாய்மார். ஒரு செயப்பாட்டு வினையாற் குற்றவாளி ஒருவன் உளன் என்பதை அவர்கள் இலக்கணத்துக்குள் நிறுவிவிட்டனர். சொல்லாக்கத்தில் மக்கள் முந்திவிட்டனர், அறிஞரே பின்தங்கியுள்ளனர்.

இது ஆபத்தான துறை என்பது நான்காவது தடை. அதனை மறுத்தற்கில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளரும் ‘முறிந்த பனை’ நூலாசிரியருள் ஒருவருமான ரஜனி திராணகம 1989 செப்ரெம்பர் 21ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29ஆந் திகதி கொழும்பில் விடுதலைப் புலிகளின் தற்கொலைத் தாக்குதலில் இறந்தார்; ஹார்வார்ட் சட்டக் கல்லூரியிற் கற்பிக்கச் செல்லவிருந்த வேளை அது. இவ்விரு இறப்புகளும் உணர்த்துவது யாது? உண்மை கூறுவோர் தனிமனிதராக நிற்கும் வரை அவர்களைக் கொல்லுதல் எளிது. ஒரு துறையாக, ஒரு நூலகமாக, ஆண்டுதோறும் வெளிவரும் ஒரு மாணவர் பரம்பரையாக உண்மை நிலைபெற்றுவிட்டால் அதனைக் கொல்லுதல் அரிது.

அவ்விருவரின் பெயர்கள் பிறிதொரு கடமையையும் நினைவூட்டுகின்றன. தமிழர் மீது இழைக்கப்பட்ட கொடுமைகளை மாத்திரம் கற்பிக்கும் துறை நீதித்துறையாகாது. அது வழக்குரைஞரின் ஒருபக்கக் குறிப்பேடாகும். 1990 ஒக்ரோபரில் வட மாகாணத்திலிருந்து எழுபதாயிரம் அளவிலான முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர்; யாழ்ப்பாண நகரிலிருந்தோர்க்குச் சில மணிநேரமே அவகாசம் அளிக்கப்பட்டது. 2007இல் வெள்ளவத்தை லொட்ஜுகளிலிருந்து வெளியேற்றப்பட்டோர்க்காகக் குரலெழுப்பும் தமிழ் மாணவர், 1990இன் வெளியேற்றத்தையும் அதே வகுப்பில், அதே அளவுகோலால் அளந்து கற்றல் வேண்டும். உக்ரேனியர்க்கும் இச்சோதனை உண்டு. 1943இல் வொல்ஹீனியாவில் உக்ரேனியக் கிளர்ச்சிப் படையினர் போலந்து மக்கள் பல்லாயிரவரைக் கொன்றமை இன்றும் இரு நாட்டு வரலாற்றாசிரியரிடையே கடும் விவாதத்துக்குரியதாயுள்ளது. தம் துன்பத்தைக் கூறுதல் எளிது. தம்மவர் இழைத்த துன்பத்தைக் கூறுதலே புலமைக்கு உரைகல்.

ஆகவே செய்யற்பாலன யாவை? முதலாவதாக, கொழும்பு, யாழ்ப்பாணம், கிழக்கிலங்கை ஆகிய இடங்களின் பல்கலைக்கழகங்களிற் சட்டம், வரலாறு, சமூகவியல், உளவியல் ஆகிய துறைகள் இணைந்து நடத்தும் நிலையான விரிவுரையாளர் பதவிகள் இதற்கென ஏற்படுத்தப்படல் வேண்டும். இருக்கைகளுக்குப் பொருளளித்த புலம்பெயர் தமிழர், அவ்வூக்கத்தில் ஒரு பங்கினை உள்நாட்டு ஆய்வுப் புலமைப்பரிசில்களுக்கும் திருப்பலாம். இரண்டாவதாக, வருகைதரு பேராசிரியர் எவரும் ஒரு கல்வியாண்டுக்குக் குறையாது தங்கி, உள்நாட்டு விரிவுரையாளர் ஒருவருடன் சேர்ந்து கற்பித்து, செல்லுமுன் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடத்தக்க விரிவுரைத் தொகுப்பொன்றை விட்டுச்செல்லும் நியதி வகுக்கப்படல் வேண்டும். மூன்றாவதாக, அறிவின் வழி ஒருதலைப்பட்சமாயிருத்தல் ஒழிதல் வேண்டும். லிவிவிலிருந்தும் கீவிலிருந்தும் அறிஞர் யாழ்ப்பாணத்துக்கு வருதல் போலவே, காணாமலாக்கப்பட்டோர் பற்றி முப்பதாண்டுக்கு மேற்பட்ட அனுபவமுடைய இலங்கை ஆய்வாளரும் அங்குச் சென்று கற்பித்தல் வேண்டும். அவ்வனுபவம் உக்ரேனுக்கு இன்று தேவைப்படுகின்றது.

நான்காவது கடமை மாணவருடையது. அது நிதிக்கும் ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதன்று. 1957இல் உக்ரேனிய மாணவர் ஒரு தீர்மானத்தோடு தொடங்கினர். தமிழ்ச் சங்கங்களும் ஆண்டுக்கு இருபது வாய்மொழி வரலாறுகளைக் கொழும்பின் ஒழுங்கைகளிலிருந்து பதிவுசெய்து தொடங்கலாம். கூறுவோரின் முழு ஒப்புதலோடும், அவர்தம் பெயரும் பாதுகாப்பும் பேணப்பட்டும், சிங்கள, முஸ்லிம் மாணவரையும் இணைத்தும் அது நிகழல் வேண்டும். 1971இலும் 1987 முதல் 1989 வரையிலும் பிள்ளைகளை இழந்த தெற்கின் சிங்களத் தாய்மாரும் அப்பதிவேட்டில் இடம்பெறல் வேண்டும். ஆண்டுதோறும் முத்தமிழ் விழாவுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளில் வாழும் இளைஞர் பலர் இன்று ஆங்கிலப் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றனர்; அவர்களுள் ஒரு பகுதியினர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மனித உரிமையும் நீதியும் கற்று, ஒரு நாள் வருகைதரு நிபுணராகக் கொழும்புக்குத் திரும்புதலுங் கூடும். அவர்கள் அவ்வாறு திரும்பும் பொழுது, தாம் விட்டுச்சென்ற தெருவின் வரலாற்றைத் தாமே முதன்முறையாகப் பிறருக்கு விளக்கும் அவலம் நேரக்கூடாது. அவ்வரலாறு அதற்குமுன் அத்தெருவின் மொழியிற் கற்பிக்கப்பட்டிருத்தல் வேண்டும். கொட்டாஞ்சேனைத் தாய் அவ்வகுப்பின் பின்வரிசையிலே இரங்கத்தக்க விருந்தினராக அமர்தல் தகாது. பாடத்தின் ஆசிரியருள் ஒருவராக அவள் முன்வரிசையில் அமர்தல் வேண்டும். அவளுக்கான ஆசனம் இன்னமும் இடப்படவில்லை. அதனை இடுதற்குரிய காலம், அவள் எழுந்து வரக்கூடிய காலத்துக்குள்ளேயே உள்ளது.